பொலிவியாவுக்குத் தங்கம் தந்த நாலு சுவர்

பான் அமெரிக்க விளையாட்டு விழா 1951இல் ஆர்ஜென்டீனாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் தொடங்கியது. வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, கரீபியன் தீவுகள் எல்லாம் நான்கு வருடத்துக்கு ஒருமுறை கூடும் விழா. நமக்கு ஆசிய விளையாட்டு விழா எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி. அந்த விழாவில் பொலிவியா தன் முதலாவது தங்கத்தைக் கண்டது 2019 ஆகஸ்டில்தான், பெருவின் தலைநகர் லீமாவில். நாடே பைத்தியமாகத் திரிகிற உதைபந்தாட்டத்தில் அந்தத் தங்கம் வரவில்லை. ஆண்களுக்கான ரக்கெட்போல் குழுப் போட்டியில் வந்தது.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பெயரைச் சொன்னால், "ஸ்குவாஷைச் சொல்லுறீங்களோ?" என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் பிழையில்லை. ஆசிய விளையாட்டு விழாவில் ரக்கெட்போல் ஒருநாளும் இருந்ததில்லை. தெற்காசிய விழாவிலும் இல்லை, பொதுநலவாய விழாவிலும் இல்லை. இலங்கைக் கொடியோடு நம்மவர்கள் அணிவகுத்துப் போகிற விழாக்களில் அதைப் பார்க்க வழியே இருக்கவில்லை.

சரி, அப்படியென்றால் அதைப்பற்றி ஏன் பேச வேண்டும்? ஒரு விளையாட்டு பிராந்திய விழாவொன்றுக்குள் எப்படி நுழைகிறது, எப்படி வெளியே போகிறது, அதனால் யாருக்குப் பதக்கம் கிடைக்கிறது என்பதை இந்த ஆட்டத்தின் கதை போலப் பளிச்சென்று காட்டுவது குறைவு. நமக்கும் அந்தக் கணக்கில் பழைய பாக்கி ஒன்று இருக்கிறது. 2014இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விழாவில் இலங்கை வென்றது மொத்தம் இரண்டு பதக்கங்கள். ஆண்கள் துடுப்பாட்டத்தில் தங்கம், பெண்கள் துடுப்பாட்டத்தில் வெண்கலம். 2018 ஜகார்த்தா விழாவின் பட்டியலில் துடுப்பாட்டம் இல்லை. நம் அணி ஒரு பதக்கமும் இல்லாமல் திரும்பி வந்தது. நான்கு வருடத்தில் நம் ஆட்டக்காரர்களுக்குக் கை மறந்துபோகவில்லை. பட்டியல் மாறியிருந்தது.

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

பூப்பந்தாட்ட அரங்கு எல்லோருக்கும் தெரியும். 44 அடி நீளம், 20 அடி அகலம். நீளத்தில் நான்கு அடியைக் குறைத்து, வலையைக் கழற்றிவிட்டு, சுற்றிவர 20 அடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, மேலே கூரையும் போட்டால் ரக்கெட்போல் அரங்கு. பின்சுவர் மட்டும் 12 அடி இருந்தால் போதும். பெரிய போட்டிகளில் சுவர்களில் ஒன்றிரண்டு கண்ணாடியாக இருக்கும். இல்லாவிட்டால் உள்ளே நடக்கிற கூத்து வெளியே நிற்பவர் ஒருவருக்கும் தெரியாது.

மட்டையின் நீளம் 22 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. டென்னிஸ் மட்டையோடு பார்த்தால் நல்ல குட்டை. பந்து, உள்ளே வெறுமையான ரப்பர் பந்து. இரண்டேகால் அங்குல விட்டம், ஏறக்குறைய 40 கிராம் எடை. 100 அங்குல உயரத்திலிருந்து கைவிட்டால் 68 முதல் 72 அங்குலம் வரை திரும்பி எழ வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஸ்குவாஷ் பந்தைச் சூடேற்றி எடுப்பதற்கே சில நிமிடங்கள் போகும். இந்தப் பந்துக்கு அந்தத் தேவை இல்லை. முதல் அடியிலேயே பாயும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் அடிக்கும்போது மணிக்கு 200 கிலோமீற்றரைச் சாதாரணமாகத் தாண்டும்.

சேர்வ் போடுகிறவர் அரங்கின் நடுவே, ஐந்தடி அகலமுள்ள ஒரு பட்டைக்குள் நிற்பார். பந்தை நிலத்தில் ஒருமுறை குத்தி அடிக்க வேண்டும். அது முதலில் முன்சுவரில் பட வேண்டும், பிறகு நடுக்கோட்டைத் தாண்டி விழ வேண்டும். அதற்குப் பிறகு கட்டுப்பாடு பெரும்பாலும் தளர்ந்துவிடும். பக்கச்சுவர், பின்சுவர், கூரை எதிலும் அடிக்கலாம். பந்து நிலத்தில் இரண்டாம் முறை குத்துவதற்குள் அதை அடித்து, நிலத்தில் படாமல் முன்சுவருக்கு அனுப்பினால் போதும். எல்லைக்கு வெளியே என்ற பேச்சுக்கு இங்கே அநேகமாக இடமில்லை.

ஸ்குவாஷுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் முன்சுவரின் அடியில் இருக்கிறது. ஸ்குவாஷ் அரங்கில் அந்த இடத்தில் 19 அங்குல உயரத்துக்கு ஒரு தகரம் உண்டு. அதில் பந்து பட்டால் புள்ளி போச்சு. ரக்கெட்போலில் தகரம் இல்லை. சுவரும் நிலமும் சேருகிற மூலைவரை அடிக்கலாம். அந்த மூலையிலேயே பந்து பட்டால் அது எழும்பவே எழும்பாது, நிலத்தோடு உருண்டு வரும். ரோல் அவுட் என்பார்கள். உலகத்தில் எந்தக் கொம்பனாலும் அதைத் திருப்பி அடிக்க முடியாது.

ஆனால் பார்க்க வேண்டியது அந்த ரோல் அவுட்டுக்கு முன்னால் நடக்கிற பொறுமை விளையாட்டைத்தான். சேர்வ் தாழ்வாகப் பின்மூலைக்குப் போகிறது. எதிராளிக்கு அங்கிருந்து நல்ல அடி அடிக்க முடியாது. பந்தைக் கூரைக்கு ஏற்றுகிறார். அது கூரையில் பட்டு, முன்சுவரில் பட்டு, நிலத்தில் குத்தித் தலைக்கு மேலாக எழும்பிப் பின்சுவரை நோக்கிப் போகிறது. மற்றவரும் பின்னால் ஓடி, தோளுக்கு மேலிருந்து அதே கூரைக்கு அனுப்புகிறார். இப்படி இரண்டு பேரும் மாறி மாறிக் கூரைக்கே அடித்துக்கொண்டிருப்பார்கள். புதிதாகப் பார்க்கிறவருக்கு அலுப்படிக்கும். யாரோ ஒருவருடைய பந்து ஓரடி கூடுதலாகப் போய்ப் பின்சுவரில் பட்டுத் திரும்பி வரும்வரைதான் அது. அந்தப் பந்துக்குத்தான் இவ்வளவு நேரமும் காவல். முழங்காலை மடித்து, பந்து கணுக்கால் உயரத்துக்கு இறங்கும்வரை பொறுத்து, ஒரே வீச்சு. முடிந்தது.

இருவரும் ஒரே அறைக்குள் நிற்பதால் ஒருவர் மற்றவருடைய வழியை மறிப்பது அடிக்கடி நடக்கும். வேண்டுமென்று மறித்தாரா, தற்செயலா என்று நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வாக்குவாதம் வருவது பெரும்பாலும் அங்கேதான். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம். மட்டையைக் கையோடு கட்டுகிற கயிறும் கட்டாயம். அந்த வேகத்தில் மட்டை கைநழுவினால் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ஜோ சோபெக். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், கிரினிச் நகரத்து வை.எம்.சி.ஏ.யில், 1950இல். அந்த வை.எம்.சி.ஏ.யில் கையால் பந்தை அடித்து ஆடுகிற ஹேண்ட்போலுக்கான நாற்சுவர் அரங்கு ஏற்கெனவே இருந்தது. சோபெக் டென்னிஸும் ஸ்குவாஷும் தெரிந்தவர். நரம்பு கட்டிய ஒரு குட்டை மட்டையை வடிவமைத்து, அந்த அரங்குக்குள்ளேயே ஆடத் தொடங்கினார். புதிதாக ஒரு செங்கல்லும் வைக்கத் தேவைப்படவில்லை. அமெரிக்கா முழுக்க வை.எம்.சி.ஏ.க்களிலும் யூத சமூக நிலையங்களிலும் இப்படிப்பட்ட அரங்குகள் இருந்ததால் ஆட்டம் வேகமாகப் பரவியது. 1969இல் ரொபர்ட் கெண்ட்லர் என்ற சிகாகோக் கட்டட முதலாளி ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1970களில் அமெரிக்காவில் அது ஒரு பெரிய அலையாகவே இருந்தது. பிறகு ஏரோபிக்ஸ், உடற்பயிற்சி இயந்திரங்கள் என்று ரசனை மாறியபோது அலை வடிந்தது.

யாழ்ப்பாணத்து வாசகர் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நாம் ஊருக்கு ஊர் ஆடுகிற கரப்பந்தாட்டமும் அதே வை.எம்.சி.ஏ. பெற்ற பிள்ளைதான். 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து வை.எம்.சி.ஏ.யில் வில்லியம் மோர்கன் உருவாக்கியது. 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. மூலமாக இலங்கைக்கு வந்தது. இன்று அது நாட்டின் தேசிய விளையாட்டு. வடக்கில் ஒரு விளையாட்டுக் கழகம் இருந்தால் அங்கே கரப்பந்து இருக்கும்; மின்னொளியில் சுற்றுப்போட்டி வைத்தால் பக்கத்து ஊர்களே திரண்டு வரும். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு ஆட்டங்களில் ஒன்று குடத்தனை வரை வந்தது, மற்றது கொழும்பைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. மனித சுபாவத்தில் காரணம் தேட வேண்டாம். கரப்பந்துக்கு இரண்டு கம்பமும் ஒரு வலையும் போதும். வலை இல்லாவிட்டால் கயிற்றைக் கட்டியும் ஆடலாம். ரக்கெட்போலுக்கு 20 அடி உயரத்தில் பிசிறில்லாத நாலு சுவரும் கூரையும் வேண்டும். அதுவும் ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு, மிஞ்சினால் நான்கு பேருக்கு. அந்தச் சீமெந்துக்கு எந்தச் சனசமூக நிலையம் காசு சேர்க்கும்?

விழாக்களுக்குள் ஓர் ஆட்டம் நுழைவதும் வெளியேறுவதும் இந்தச் சுவர் விவகாரத்தோடு நெருங்கிய தொடர்புள்ளது.

ரக்கெட்போலுக்குச் சர்வதேசச் சம்மேளனம் 1979இல் உருவானது. முதலாவது உலகச் சம்பியன்ஷிப் 1981இல், கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில், ஒலிம்பிக்கில் இடம் கிடைக்காத விளையாட்டுகளுக்காக அங்கே நடந்த முதலாவது உலக விளையாட்டு விழாவோடு சேர்த்து நடந்தது. 1985இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரம் கிடைத்தது. அங்கீகாரம் என்றால் ஒலிம்பிக்கில் இடம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. வாசலில் பெயரைப் பதிந்து வைப்பது மாதிரி ஒரு காரியம் அது. உள்ளே கூப்பிடுவார்கள் என்று எந்த உறுதியும் இல்லை. ரக்கெட்போலை இன்றுவரை கூப்பிடவில்லை.

பான் அமெரிக்க விழாவுக்குள் அது 1995இல், ஆர்ஜென்டீனாவின் மார் டெல் பிளாட்டாவில் நுழைந்தது. அடுத்து 1999 வினிபெக், 2003 சான்டோ டொமிங்கோ. மூன்று விழாவில் இருந்தாயிற்று, இனி நிரந்தரம் என்று நினைத்திருப்பார்கள். 2007இல் விழா ரியோ டி ஜெனீரோவுக்குப் போனது. பட்டியலில் ரக்கெட்போல் இல்லை. ஸ்குவாஷ் இருந்தது. ஃபுட்சால் என்ற உள்ளரங்க உதைபந்து புதிதாக வந்திருந்தது. பிரேசில்காரருக்கு ஃபுட்சால் என்றால் உயிர், ஆண்கள் தங்கமும் அவர்களுக்கே போனது. ரக்கெட்போலுக்கு அங்கே அரங்கும் இல்லை, ஆர்வமும் இல்லை. ஃபுட்சால் அந்த ஒரு விழாவோடு சரி. ரக்கெட்போல் 2011இல் மெக்சிக்கோவின் குவாதலஹாராவில் மறுபடி உள்ளே வந்தது. அதன்பிறகு 2015 ரொறன்ரோ, 2019 லீமா, 2023 சன்ரியாகோ என்று தொடர்ந்திருக்கிறது.

எழுதப்பட்ட விதிகள் எத்தனை இருந்தாலும் நடைமுறையில் மூன்று பேர் சம்மதிக்க வேண்டும். போதிய நாடுகளில் சங்கம் வைத்திருக்கிறோம் என்று சம்மேளனம் காட்ட வேண்டும். பிராந்தியத்தின் ஒலிம்பிக் அமைப்பு ஒத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு ஒலிம்பிக் தகுதிச் சுற்றாக அமைகிற போட்டிகள்தான் முக்கியம், ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டம் என்றால் முகம் சுழிப்பார்கள். கடைசியாக, விழாவை நடத்துகிற நாடு மனது வைக்க வேண்டும். என் கணிப்பில் இந்த மூன்றாவது ஆள்தான் பலசாலி. செலவு அவருடையது, அரங்கு அவருடையது, பதக்கப் பட்டியலில் மேலே போக வேண்டும் என்ற ஆசையும் அவருடையது.

ஆசியாவில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். 2018 ஜகார்த்தா விழாவிலேயே இருக்கிறது. இந்தோனேசியா தன் சொந்தத் தற்காப்புக் கலையான பென்சாக் சிலாட்டைப் பட்டியலில் சேர்த்தது. அதில் 16 தங்கம். இந்தோனேசியா வென்றது 14. அந்த விழாவில் அந்த நாட்டின் மொத்தத் தங்கமே 31தான். அடுத்த விழா சீனாவின் ஹாங்சோவில். பென்சாக் சிலாட் பட்டியலில் இல்லை. இந்தோனேசியாவின் தங்கம் 7 ஆக இறங்கியது. அதே ஹாங்சோவில் துடுப்பாட்டம் திரும்பி வந்தது, இலங்கைப் பெண்கள் அணி வெள்ளி வென்றது. நம் துடுப்பாட்டப் பதக்கங்கள் தோன்றுவதும் மறைவதும் நம் கையில் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தென்கிழக்காசிய விழாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இன்னும் வேடிக்கை. 2023இல் கம்போடியா குத்துச்சண்டைக் கலையைத் தன் பெயரில் குன் கெமர் என்று பட்டியலிட்டது. தாய்லாந்து கோபித்துக்கொண்டு அந்தப் போட்டிக்கு ஆளே அனுப்பவில்லை.

இதையெல்லாம் ஊழல் என்று சொல்லிவிட முடியாது. சபை நடத்துகிறவன் தன் வீட்டுச் சமையலைத்தான் பரிமாறுவான். ஆனால் பதக்கப் பட்டியலைப் பார்த்து ஒரு நாட்டின் விளையாட்டுத் தரத்தை அளக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு அளந்தால் நல்லது.

இனிப் போட்டி எப்படி நடக்கிறது என்பதற்கு வருவோம். பொலிவியாவின் தங்கத்துக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

லீமாவில் ரக்கெட்போலுக்கு ஆறு தங்கம் இருந்தது: ஆண், பெண் இருபாலாருக்கும் ஒற்றையர், இரட்டையர், குழு. முதலில் சிறு சிறு பிரிவுகளாக எல்லோரோடும் எல்லோரும் ஆடுவார்கள். அந்த முடிவுகளை வைத்து வரிசைப்படுத்தி, பிறகு தோற்றால் வெளியே என்ற முறையில் இறுதிவரை போவார்கள். மூன்றாம் இடத்துக்குத் தனிப் போட்டி இல்லை. அரையிறுதியில் தோற்ற இரண்டு பேருக்கும் வெண்கலம். ஆக அரையிறுதிக்கு வந்தாலே பதக்கம் நிச்சயம். குழுப் போட்டியில் இரண்டு நாடுகள் மோதும்போது இரண்டு ஒற்றையர் ஆட்டம், ஓர் இரட்டையர் ஆட்டம். மூன்றில் இரண்டை வென்றவர் அடுத்த சுற்றுக்கு.

புள்ளி முறை பிறகு மாறிவிட்டது. லீமா காலத்தில் சேர்வ் போடுகிறவருக்கு மட்டுமே புள்ளி. 15 புள்ளி கொண்ட இரண்டு ஆட்டம், ஆளுக்கொன்று வென்றால் 11 புள்ளியில் தீர்மான ஆட்டம். இப்போது சர்வதேசப் போட்டிகளில் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி உண்டு. 11 புள்ளி ஆட்டங்கள், ஐந்தில் மூன்று. தொலைக்காட்சிக்காக எல்லா ஆட்டமும் இந்தப் பக்கம்தான் வருகின்றன. கரப்பந்தும் பூப்பந்தும் முன்பே இந்த வழிக்கு வந்துவிட்டன.

இந்தக் குழுப் போட்டியின் கணக்கைக் கவனியுங்கள். உதைபந்தில் தங்கம் வேண்டுமென்றால் 11 பேர் களத்தில், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வெளியே, கீழே பல வயதுப் பிரிவுகள், லீக், பயிற்றுநர்கள் என்று ஒரு பெரிய யந்திரமே ஓட வேண்டும். ரக்கெட்போல் குழுத் தங்கத்துக்குத் தரமான இரண்டு மூன்று பேர் போதும். பொலிவியாவிடம் கொன்ராடோ மொஸ்கோசோ இருந்தார். உலகத் தரத்தில் முன்வரிசை ஆள், பந்தை வெறித்தனமாக அடிப்பவர். கூடவே கெல்லர் குடும்பத்துப் பையன்கள். ஒரு வருடத்துக்கு முன்னர், 2018இல், தென்னமெரிக்க விளையாட்டு விழாவை பொலிவியாவின் கொச்சபம்பா நகரம் நடத்தியது. ரக்கெட்போலும் அதில் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 2,500 மீற்றருக்கு மேலே உள்ள ஊர் அது. அந்த மெல்லிய காற்றில் பந்து இன்னும் விரைவாகப் பறக்கும். அங்கே அடித்துப் பழகியவனுக்கு லீமாவின் கடற்கரைக் காற்றில் பந்து நிதானமாக வருவதாகத் தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுவரில் பந்தடிக்கும் ஆட்டங்கள் அந்தப் பக்கத்துக்குப் புதியவை அல்ல. ஸ்பானியர் வழியாக வந்த ஃபிரொன்டோன் வகை ஆட்டங்கள் மெக்சிக்கோவிலிருந்து பொலிவியா வரை பழக்கத்தில் உள்ளவை. ஒரு சுவரில் ஆடிய கைக்கு நாலு சுவர் வசப்படுவது பெரிய காரியமில்லை.

மெக்சிக்கோவின் பாவோலா லொங்கோரியாவைச் சொல்லாமல் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதி முடிக்க முடியாது. 2011இலும் 2015இலும் பெண்களுக்கான ஒற்றையர், இரட்டையர், குழு மூன்றிலும் தங்கம். 2019இல் மறுபடி ஒற்றையர் தங்கம். தொழில்முறைச் சுற்றில் தொடர்ச்சியாக 152 ஆட்டங்கள் தோல்வியே காணாமல் ஆடியிருக்கிறார். மெக்சிக்கோவில் அவர் தெருவில் அடையாளம் காணப்படுகிற நட்சத்திரம். 2018 உலகச் சம்பியன்ஷிப் இறுதியில் அவரை வீழ்த்தியவர் குவாத்தமாலாவின் அனா கப்ரியேலா மார்ட்டினஸ். பொலிவியா, குவாத்தமாலா என்று பெயர்கள் வருவதைப் பாருங்கள். ஆட்டம் பிறந்த நாடு அமெரிக்கா. அங்கே இன்று விளையாட்டுப் பக்கங்களில் அதற்கு இடம் கிடைப்பதே அரிது. விழாப் பட்டியலில் இருப்பதால் சிறிய நாடுகளின் ஒலிம்பிக் குழுக்கள் அதற்குப் பணம் ஒதுக்குகின்றன, பிள்ளைகள் பழகுகிறார்கள், பதக்கம் வருகிறது, அதைக் காட்டி மறுபடி பணம் வருகிறது. பட்டியலிலிருந்து நீங்கினால் இந்தச் சக்கரம் மறுநாளே நின்றுவிடும்.

நம்மவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த விழா வீட்டு வாசலிலேயே நடந்தது. 2015 யூலையில் ரொறன்ரோ விழா, 41 நாடுகள், 36 விளையாட்டுகள். ரக்கெட்போலும் ஸ்குவாஷும் நகரத்தின் கண்காட்சி மண்டபத்தில், தற்காலிகமாக எழுப்பிய அரங்குகளில் நடந்தன. நீச்சலுக்காக ஸ்காபரோவில் கட்டிய பெரிய தடாகத்தில் இன்று நம் பிள்ளைகள் நீந்துகிறார்கள். ரக்கெட்போல் அரங்கைப் பற்றி ஸ்காபரோவில் இருக்கிற மருமகனிடம் தொலைபேசியில் கேட்டேன். "எங்கட ஜிம்மில அந்தக் கோர்ட் ரெண்டு கிடக்கு மாமா. வயசான ஆக்கள் நாலு பேர்தான் ஆடுவினம். ஒண்டை இப்ப யோகாவுக்குக் குடுத்திட்டாங்கள். பெடியள் எல்லாம் பட்மின்ரன்தான்." ஒரு தடாகத்தில் நூறு பேர் நீந்தலாம். ரக்கெட்போல் அரங்கில் நான்கு பேர்தான். வாடகைக் கணக்கு பார்க்கிற முதலாளிக்கு அந்த இடம் உறுத்தாமல் இருக்குமா? வட அமெரிக்காவில் எத்தனையோ அரங்குகள் இப்படித்தான் பளு தூக்கும் அறையாகவும் பிள்ளைகள் காப்பகமாகவும் மாறிப் போயின.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன்.

தர்ஜினி சிவலிங்கத்தை எல்லோருக்கும் தெரியும். ஆறடிக்கு மேல் நெடுநெடுவென்று வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசிய வலைப்பந்துச் சம்பியனானபோது எதிரணிகளுக்கு அவரைத் தடுக்க வழி தெரியவில்லை. 2019 உலகக் கிண்ணத்தில் ஆகக்கூடிய கோல் போட்டவரும் அவர்தான். ஆசியாவிலேயே ஈடில்லாத ஒரு வீராங்கனை. ஆனால் அவரிடம் ஆசிய விளையாட்டு விழாப் பதக்கம் இல்லை. ஆசிய விழாவில் வலைப்பந்து இல்லை. வலைப்பந்து பிரித்தானிய ஆட்சி நடந்த நாடுகளின் ஆட்டம்; சீனாவுக்கும் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் அதில் அக்கறை கிடையாது. பொதுநலவாய விழாவில் 1998இலிருந்து இருக்கிறது. அங்கே அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஜமேக்காவும் இங்கிலாந்தும் நிற்கின்றன. ஆக, நாம் முதலிடத்தில் நிற்கக்கூடிய விழாவில் ஆட்டம் இல்லை. ஆட்டம் இருக்கிற விழாவில் நமக்கு முதலிடம் எட்டாது. மொஸ்கோசோவுக்குக் கிடைத்த பட்டியல் தர்ஜினிக்குக் கிடைக்கவில்லை. இதைத் திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

பொதுநலவாய விழாவின் நிலைமையும் இப்போது நிலையில்லாமல்தான் இருக்கிறது. 2026 கிளாஸ்கோ விழாவைச் செலவு குறைப்பதற்காகப் பத்து விளையாட்டுகளோடு சுருக்கிவிட்டார்கள். துடுப்பாட்டம், பூப்பந்து, ஹொக்கி, ஸ்குவாஷ் எல்லாம் வெட்டு. வலைப்பந்து தப்பியது.

உள்ளூரிலும் இதே கதையின் சின்னப் பதிப்பு ஒன்று உண்டு. வடக்கில் கரப்பந்தாட்டத்தில் ஓவர் கேம் என்று ஒரு முறை இருக்கிறது. அதற்கென்றே கழகங்கள், அதற்கென்றே சுற்றுப்போட்டிகள், ஊர் ஊராகப் பேர்போன அடிகாரர்கள். தேசிய மட்டத்துக்கும் சர்வதேச மட்டத்துக்கும் போவது, சர்வதேச விதிப்படி ஆடுகிற, செற்றப் என்று நாம் சொல்லும் மற்ற முறை மட்டும்தான். ஓவர் கேமில் ஊரே கைதட்டுகிற ஒருவன் தேசிய அணித் தெரிவுக்குப் போனால் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். ஆட்டம் சோடையா? இல்லை. அது எந்தப் பட்டியலிலும் இல்லை. செற்றப்பையும் ஓவரையும் ஒன்றையொன்று தின்ன விடாமல் இரண்டையும் நடத்துகிற கழகங்கள் இருப்பது எனக்கு ஆறுதல்.

இனி ரக்கெட்போல் ஆசியப் பக்கம் வருமா என்று கேட்டால், வராது என்றே நினைக்கிறேன். ஜப்பானிலும் கொரியாவிலும் இந்தியாவிலும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்குவாஷ் 1998 பாங்கொக்கிலிருந்து ஆசிய விழாவில் உட்கார்ந்திருக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, ஹொங்கொங் எல்லாம் அதில் பணம் போட்டுப் பதக்கம் எடுக்கின்றன. அதற்கு மேலே, 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதல்முறையாக நுழைகிறது. ரக்கெட்போலின் தாய்நாட்டில் நடக்கிற ஒலிம்பிக்கில், துடுப்பாட்டத்தோடு சேர்ந்து, ஸ்குவாஷுக்கு இடம் கிடைத்தது. ரக்கெட்போலுக்குக் கிடைக்கவில்லை. நாற்சுவர் அரங்கு ஒன்றுக்கு மட்டும் காசு வைத்திருக்கிற எந்த நாடும் இனி ஸ்குவாஷ் அரங்கைத்தான் கட்டும்.

இரண்டும் ஒன்றுதானே, ஒன்றைக் கட்டி இரண்டையும் ஆடலாமே என்று தோன்றும். ஸ்குவாஷ் அரங்கு 32 அடி நீளம், 21 அடி அகலம். ரக்கெட்போலுக்கு 40க்கு 20. எட்டடி குறைந்த இடத்தில், அடியில் தகரத்தோடு, அந்தப் பாய்ச்சல் பந்தை வைத்துக்கொண்டு பான் அமெரிக்க விழாவில் ஆடுகிற ஆட்டத்தை ஆட முடியாது. பிரித்தானியாவில் இதற்கு ஒரு சமரசம் கண்டார்கள். 1970களிலேயே ஸ்குவாஷ் அரங்குக்கு ஏற்றபடி கொஞ்சம் சோம்பலான பெரிய பந்தும் குட்டை மட்டையுமாக ஓர் ஆட்டத்தை அமைத்தார்கள். 2016இல் உலக ஸ்குவாஷ் சம்மேளனம் அதற்கு ஸ்குவாஷ் 57 என்று பெயர் வைத்தது. 57 என்பது பந்தின் விட்டம், மில்லிமீற்றரில். வயதானவர்களுக்கும் புதிதாகப் பழகுகிற பிள்ளைகளுக்கும் ஸ்குவாஷைவிட அது சுலபம். கொழும்பில் இருக்கிற ஸ்குவாஷ் அரங்குகளில் நாளைக்கே ஆடலாம். வடக்கில் ஒரு ஸ்குவாஷ் அரங்கு எழும்பினால் அதிலும் ஆடலாம். அந்தப் பந்தை வாங்கினால் போதும்.